சிவப்பு மையால் குறித்த பாதை

எண் இல்லாமல் வந்தால் எப்படி என்றார்.
எண் இருந்தால் பாதி கிடைத்த மாதிரி,
அதுதானே இல்லை.
வருஷமாவது?
கணவாய் கொள்ளையாய்ப் பட்ட வருஷம்,
சலேத்து மாதா வள்ளம் கவிழ்ந்ததற்கு மறு வருஷம்.
நகல் மனுவில்
அதற்குக் கட்டம் இல்லை.

தீர்ப்பு இருக்கிறது என்பார்கள் ஊரில்.
எங்கே என்றால் கோர்ட்டில் என்பார்கள்,
கடலில் மீன் இருக்கிறது என்பது போல.

இறால் பண்ணைக்காரன் முள்கம்பி இழுத்த நாளிலிருந்து
கூடை சுமக்கிற நாங்கள்
ஓடையைச் சுற்றி, உவர்ச்சேற்றில் முழங்கால் புதைய
ஏலத்துக்கு வந்து சேர்கையில்
காரலுக்குக் கண் வெளுத்துவிடுகிறது.
பாதை இருந்ததற்குப் பத்திரம் காட்டு என்கிறான்.
பாதைக்கு ஏது பத்திரம்,
கால்தான்.

முதல் நடை திருவாடானை.
பழைய கட்டெல்லாம் ராமநாதபுரம் போய்விட்டதாம்.
இரண்டாம் நடையில் வக்கீல்கள் புறக்கணிப்பு.
மூன்றாவதில் பதிவறைச் சாவி
யாருடனோ மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது.
மூன்று நாள் பாடு போச்சு.
பஸ் டிக்கெட்டுகளை எறியாமல் வைத்திருக்கிறேன்,
எதற்கென்று தெரியவில்லை.

நாலாவது நடையில்
நகல் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த நூருல் ஹிதாயா
வில்லை ஒட்டிய மனுவைத் திருப்பித் தரவில்லை.
யாராவது ஒரு பேர் சொல்லுங்க அக்கா.
ஞானப்பூ என்றேன்.
எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு,
அட்டை கழன்ற மூன்று பதிவேடுகள்.
அவள் ஒரு பக்கம் பார்த்தாள், நான் ஒரு பக்கம்.

எவ்வளவு சண்டை!
வரப்புக்கு. கிணற்றில் கால் பங்குக்கு.
ஒரு புளியமரத்தின் தெற்குக் கிளைக்கு.
வத்தையில் மூன்றில் ஒன்றுக்கு.
உப்பூர், மோர்ப்பண்ணை, சோழியக்குடி,
ஊர் ஊராய் முறைத்துக்கொண்டு நின்றவர்கள்
இங்கே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து
தூசிக்குள் தூங்குகிறார்கள்.

அவள் விரல் நின்றது.
வாதிகள்: ஞானப்பூ வகையறா ஒன்பது பேர்.
பிரதிவாதி: சூசைமாணிக்கம்.
என் மாமனார்.

அப்படியொரு கேஸே நடக்கவில்லை என்று
சோற்றில் கைவைத்தபடி சொன்னாரே என் வீட்டுக்காரர்.
தோற்றுப்போன பாதையையும் சேர்த்துத்தான்
பண்ணைக்காரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
அந்தக் காசில்தான்
ஓடு பிரித்து எங்களுக்குத் தளம் போட்டது.
உங்க வழக்குதானா அக்கா?
எங்க வழக்குதான் என்றேன்.

எட்டு நாள் கழித்து நகல் வந்தது,
முத்திரையும் ஒப்பிட்டவர் கையெழுத்துமாக.
"இணைப்பு வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்த பாதையில்
வாதிகள் கடற்கரைக்குச் சென்று வருவதைப்
பிரதிவாதியோ அவர் வழி வந்தவர்களோ தடுக்கக் கூடாது."
அவர் வழி வந்தவர்கள்.
அதில் பண்ணைக்காரன் இருக்கிறான்.
நானும் இருக்கிறேன்.

வரைபடத்தைப் பிரித்தேன்.
ஜெராக்ஸில் எல்லாக் கோடும் கறுப்பு.
ஓடை, வேலி, உடைமரக் காடு, பாதை,
எது எதுவென்று
வரைந்தவரே வந்தாலும் சொல்ல முடியாது.

நூருல் ஹிதாயா அசலைக் கொண்டுவந்து விரித்தாள்.
பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது.
சிவப்பு மங்கி
நேற்றைய மீனின் செவுள் நிறத்தில் கிடந்தது,
இரட்டைப் பனையில் தொடங்கி
ஓடையை ஒரே இடத்தில் தாண்டி
நேராக அலை வரைக்கும்.

சிவப்புப் பேனா வாங்கக் காசு இருந்தது என்னிடம்.
முத்திரை விழுந்த நகலில் கோடு கிழித்தால்
நகலே செல்லாது என்றாள்.
வர்ண நகலுக்குத் தனி மனு, தனி வில்லை.

எழுத உட்கார்ந்தேன்.
இந்தமுறை எண் இருக்கிறது, வருஷமும் இருக்கிறது.
வழக்கில் நீங்கள் யார் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பிரதிவாதியின் மருமகள் என்று எழுதினேன்.
கமா போட்டு,
அந்தப் பாதையில் கூடை சுமப்பவள் என்றும்.

கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
பரவாயில்லை, வாங்கிக்கொண்டாள்.